நீ பிறந்த வருஷத்துப் பாட்டில்

பிரபு, நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுக் காலை போனில் நீ கத்திய கத்தலிலேயே உன் உடம்பு நல்ல நிலையில் இருப்பது தெரிந்துவிட்டது. அம்மா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் சமையலறை வரைக்கும் கேட்டது. நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது பார். ஆமாம், அந்த வைன் பாட்டிலைத் திறந்தது நான்தான். அந்தோணி வேண்டாம் என்றான். உன் அம்மா யோசித்துச் செய்யச் சொன்னாள். திறந்தது என் கை. அதே வருஷத்துப் பாட்டில் இன்னொன்று கிடைத்தால் அதையும் அதே ஆளுக்காகத் திறப்பேன், அதையும் உன்னிடம் கேட்காமல்தான் திறப்பேன்.

அம்மா ஆசையாக அனுப்பிய போட்டோவை நீ விரலால் பெரிதாக்கி, லேபிளில் இருந்த வருஷத்தைப் படித்துவிட்டாய். பிறகு சொன்னாய்: "அந்தக் குடிகாரங்களுக்கா அத்தக் குடுத்தீங்க? அதோட டேஸ்ட் இன்னான்னு அவங்களுக்குத் தெரியுமாப்பா? அது என் கல்யாணத்துக்கு வெச்சது. மாமாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், இப்ப நான் இன்னான்னு மூஞ்ச காட்றது?" அதுவரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன். பாட்டில் உன்னுடையது, கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னாய் பார், "கல்யாணத்துக்கு நீங்களும் அம்மாவும் மட்டும் வந்தா போதும், அவங்கள இட்டுகினு வராதீங்க" என்று, அது எனக்கு இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் கடிதம் அதற்குத்தான் பதில். இதை நான் மூடி ஒட்டப் போவதில்லை. கஜேந்திரன் படிக்கட்டும், அந்தோணி படிக்கட்டும். நீயும் படித்துவிட்டு உன் மாமனாரிடம் காட்டு.

நீ கலிபோர்னியா போன பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு பாட்டில் கொண்டுவந்தாய். உன் பெங்களூர் பிளாட்டில் வெயில் அடிக்கும் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். "நிக்க வெக்காதீங்கப்பா, படுக்க வெய்ங்க, கார்க் காஞ்சி போய்டும்" என்றாய். நம் வீட்டுக் கூரை ஏப்ரலில் எப்படிக் கொதிக்கும் என்று உனக்குத் தெரியும். சின்ன அறையில் தரையை உடைத்து, இரண்டடி பள்ளம் வெட்டி, மணல் கொட்டி, அதில் வரிசையாகப் படுக்க வைத்தேன். வாரம் இரண்டு தடவை தண்ணீர் தெளித்தேன். பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும் என்பது என்னைப் போலத் தங்கச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான அடி கீழே இறங்கி வேலை பார்த்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் இரண்டடியோடு நிறுத்திக்கொண்டேன். உன் அம்மா, "புள்ள பெத்த காலத்துல எனக்கு இந்தக் கவனிப்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆக, உன் பாட்டிலை நான் அலட்சியமாக வைத்திருந்தேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

போன லீவில் நீ எங்களுக்குக் குடிக்கக் கற்றுக்கொடுத்தாய். கோப்பையைக் காம்பில் பிடிக்க வேண்டும், சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும், வாயில் உருட்ட வேண்டும், பிறகு துப்பிவிட வேண்டும். துப்ப வேண்டும் என்றதும் உன் அம்மா, "இன்னாத்துக்குத் துப்பணும்? கசந்தாத்தானே துப்புவாங்க?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு என்று விளக்கினாய். அந்த வித்தியாசத்தை அன்றைக்கு எல்லாரையும்விட நன்றாகப் பிடித்துக்கொண்டவன் கஜேந்திரன். நீ குடிகாரன் என்று சொன்னாயே, அந்தக் கஜேந்திரன் நம் தெரு புத்த விகாரையில், குடிக்கக் கூடாது என்பதும் சேர்ந்த பஞ்சசீலம் எடுத்தவன். முப்பது வருஷமாகக் கள்கூடத் தொட்டதில்லை. நாங்கள் சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போகும்போது வாசலில் நின்று எங்கள் சைக்கிளைப் பார்த்துக்கொள்வான். இன்னொரு குடிகாரன் அந்தோணி. வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு, பங்காருபேட்டைச் சந்தையில் கறுப்புத் திராட்சை வாங்கி, சர்க்கரையும் கோதுமையும் பட்டையும் போட்டு, பீங்கான் ஜாடியில் ஊறல் வைப்பான். அந்த வைனைச் சின்ன வயதில் கேக்கோடு சேர்த்து இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தது யார் என்று அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு ரயிலேறிப் போய் அபார்ட்மென்ட் வாசலில் காவல் நின்றவன். உன் மாமனாரைப் போன்றவர்களின் காருக்குக் கேட் திறந்துவிட்டவன். அதனால்தான் அவனை மண்டபத்துக்குள் விட உனக்குக் கூச்சமாக இருக்கிறதோ என்னவோ.

போன மாதம் கஜாவை இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சிலிகோசிஸ். பாறைத்தூசி நெஞ்சில் படிந்து கல்லாகிப் போவது. ஆக்சிஜன் மிஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் அவன் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, நாளை எண்ணிக்கொள்ளுங்கள் என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னாராம். அவள் வந்து என்னிடம் அழுதாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனை ஆட்டோவில் ஏற்றி, மிஷினை மடியில் வைத்து, நம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தோணி மகள் வீட்டு ஷோகேசிலிருந்து கால் வைத்த கிளாஸ் நான்கைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். உன் அம்மா வேர்க்கடலையை உப்புப் போட்டு வேகவைத்தாள். கஜா துப்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் மக்.

நீ சொல்லிக்கொடுத்த வரிசைப்படி இனிப்பு வைன் கடைசியில் வர வேண்டும். அந்தோணியும் அதையேதான் சொன்னான். உன் அம்மா விடவில்லை. "எந்த ஊர்ல இனிப்ப கடைசியில வெப்பாங்க? எலையப் போட்டா மொதல்ல இனிப்புதான்" என்று அந்தச் சின்னப் பாட்டிலைத்தான் முதலில் எடுத்தாள். தேன் நிறத்தில் இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "காஞ்ச திராட்சைய வெல்லப்பாகுல போட்டு வெச்ச மாரி கீது" என்றாள். இரண்டாவது வாய்க்கும் கேட்டாள், ஊற்றினேன். அதற்குப் பிறகு ஊற்றிய சிவப்பு வைன் எங்கள் வாய்க்குப் புளித்த புளிதான். அந்தோணி முகத்தைச் சுளித்தான். "சொன்னேன்ல? கேக்கல்ல?" என்று ஒவ்வொருவரையாகப் பார்த்தான். அத்தனை பேரும் தண்ணீர் விட்டு வாய் கொப்பளித்து, கடலை தின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். உன் மாமனாருக்கு இது தெரிந்தால் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு இலையில் இனிப்புதான் முதலில்.

அந்தச் சிவப்பும் இன்னொரு சிவப்பும் முடிந்தன. கஜா ஒவ்வொரு வாயையும் உருட்டி, கண்ணை மூடி, மக்கில் துப்பினான். துப்பிவிட்டு, "மொதலுக்கு இது தேவல, ஆனா இன்னும் எளசு" என்று தீர்ப்பும் சொன்னான். அவனுக்கு டேஸ்ட் தெரியுமா என்று கேட்டாயே, சுரங்கத்தில் வெடி வைத்த இடத்துக்குள் முதலில் மூக்கை நீட்டி, புகை போய்விட்டதா, ஆட்கள் போகலாமா என்று சொல்பவன் அவன்தான். அவன் மூக்கை நம்பித்தான் நாங்கள் நடந்தோம். பிறகு நான் எழுந்து போய் மணலுக்குள்ளிருந்து உன் பாட்டிலை எடுத்துவந்தேன். அந்தோணி லேபிளைப் பார்த்துவிட்டு, "வாணாம்டா. இது புள்ளையோட கல்யாணத்துக்கு" என்றான். நான் ஸ்க்ரூவைக் கார்க்கில் இறக்கினேன். கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உன் அம்மா வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து வடிகட்டினாள். அடியில் மண்டி. ஓரத்தில் செங்கல் நிறம். கெட்டுப்போய்விட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தோணிதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பழசானால் இப்படித்தான் என்று சொன்னான்.

இந்த இடத்தில் நான் உனக்குச் சொன்ன ஒரு பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். நீ பிறந்த கதை என்று வீட்டில் ஒரு கதை உண்டு. நீ பிறந்த அன்றைக்கு அப்பா லீவு போட்டார், அன்றைக்கே அவர் வேலை செய்யும் இடத்தில் ராக் பர்ஸ்ட் ஆனது, பாறை வெடித்துச் சரிந்தது, நீ பிறந்த ராசியில் அப்பா உயிர் தப்பினார். சுரங்கம் மூடிய பிறகுதான் இதை வெளியே சொல்ல ஆரம்பித்தோம். உன் பாட்டியிலிருந்து உன் பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லாரும் உன்னை ராசிக்காரன் என்றார்கள். நீயும் இதை உன் மாமனாரிடம் சொல்லியிருக்கிறாய். அவர் கேட்டு உருகி, அந்த வருஷத்து வைனைச் சேர்ந்து குடிப்போம் என்று சொல்லப்போய்த்தான் நீ தேடிப்பிடித்து அந்தப் பாட்டிலை வாங்கினாய். பிரபு, நான் லீவு போடவில்லை. எனக்கு லீவே இல்லை. அதற்கு முன்னால் ஊர் சுற்றி எல்லா லீவையும் தின்று தீர்த்திருந்தேன். இன்னொரு நாள் வராவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உன் அம்மாவுக்கு இரண்டு நாளாக வலி. குழந்தை திரும்பவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நான் ஷாஃப்ட் வாசலில், கீழே இறங்கும் கேஜுக்கான வரிசையில், பைத்தியம் பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

கஜாவுக்கு அன்று வார ஓய்வு. என்னைத் தேடிக்கொண்டு வந்தவன் வரிசையிலிருந்து என்னை இழுத்தான். "உன் டோக்கன இங்க குடு. நீ போய் அவளப் பாரு" என்றான். இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளை டோக்கன். ஜன்னலில் இருப்பவர் நம்பரைத்தான் பார்ப்பார், ஹெல்மெட்டுக்குக் கீழே இருக்கும் முகத்தைப் பார்க்க மாட்டார். என் நம்பரில் அவன் இறங்கினான். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நீ பிறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. மருந்து பாட்டில்கள் மேசையில் கிடுகிடுத்தன. வார்டில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் குலுக்கல் என்னவென்று இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. உன் அம்மா என்னைப் பார்த்து, "கஜா அண்ணன்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவன் வந்தான். முழங்காலில் பாறை விழுந்திருந்தது. கூட இருந்தவர்கள் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தார்கள். அந்த நிலைமையிலும் என் டோக்கனை ஜன்னலில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். அடிபட்டவர்களை எல்லாம் நான் உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அவனால் மட்டும் வர முடியவில்லை. அவன் அன்றைக்குக் கீழே இறங்கவே இல்லை, கணக்கில் இறங்கியது நான். வந்தால் டாக்டர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், இரண்டு பேருக்கும் வேலை போகும். மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லி நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டான். எலும்பு கோணலாகக் கூடியது. வேலையில் பட்ட அடி என்று எழுதியிருந்தால் அவனுக்கு மேலே, வெளிச்சத்தில், உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருக்கும். அது இல்லாமல், நொண்டுவதை மறைத்துக்கொண்டு, சுரங்கம் மூடுகிற நாள் வரைக்கும் அதே தூசிக்குள் இறங்கினான். ஒரு வார்த்தை நான் போய்ச் சொல்லியிருக்கலாம். முதலில் பயத்தால் சொல்லவில்லை. அப்புறம் சொல்லாமல் இருந்து பழகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதன் மேல் நெய் ஊற்றுகிற மாதிரி, மகன் ராசிக்காரன் என்று கதை வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். கஜா எதிரில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டிருக்கிறான். ஒரு தடவைகூட, "டேய், நடுவுல ஒரு ஆளக் காணோமே" என்று சொன்னதில்லை. உனக்கு மொட்டை போட்டபோது உன்னைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டவன் அவன். உனக்குச் சைக்கிள் பழக்க அந்தக் கோணல் காலோடு பாலகாட் மைதானம் முழுக்கப் பின்னால் ஓடியவன் அவன். அவன் நொண்டி நொண்டி ஓடுவதைப் பார்த்து நீ சிரிப்பாய். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தப் பாட்டிலிலிருந்து முதல் கிளாஸை அவன் கையில் கொடுத்தேன். "இது பிரபு பொறந்த வருஷத்துதுடா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக நாங்கள் இரண்டு பேரும் பேசாத ஒரு விஷயம் அது. மூக்கிலிருந்த டியூபைக் கழற்றினான். "கயட்டாதீங்க அண்ணா" என்று உன் அம்மா பதறினாள். "மூக்குல இத்த வெச்சிகினு இன்னாத்த மோந்து பாக்கறது?" என்று கிளாஸுக்குள் மூக்கை விட்டான். வெகுநேரம் முகர்ந்தான். "டேய், ஈர டிம்பர் வாசனடா. கீழ முட்டுக் குடுக்கறதுக்கு மரம் எறக்குவாங்களே, அந்த வாசன. அப்பால லேசா பீடிக்கட்டு" என்றான். நானும் முகர்ந்து பார்த்தேன். சத்தியமாக அதேதான். பிறகு ஒரு வாய் குடித்தான், உருட்டினான். அந்தோணி பழக்கத்தில் மக்கை எடுத்து நீட்டினான். கஜா மக்கைத் தள்ளிவிட்டான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தோம். முழுங்கிவிட்டான்.

"டேய், சீலம்?" என்று அந்தோணி கேட்டான். கஜாவுக்கு மூச்சு வாங்கியது. உன் அம்மா டியூபை மறுபடி மாட்டிவிட்டாள். அவன் கொஞ்சம் நிதானப்பட்டுச் சொன்னான்: "வர்ற பௌர்ணமிக்குப் புதுசா எடுத்துக்கறேன் வுடு. புள்ள பொறந்த அன்னிக்கே இவன் எனக்கு இனிப்பு குடுத்திருக்கணும். இன்னிக்குத்தான் குடுக்கிறான். அத்தப் போயி எப்டிடா துப்பறது?" நான் அழுதேன் பிரபு. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வயது போன காலத்தில், பெண்டாட்டி முன்னாலேயே அழுதேன். மன்னித்துக்கொள்ளடா என்று கேட்டேன். "போடா, வைன் குடிச்சா எல்லாரும் இப்டித்தான் பேசுவாங்க" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். நீ பார்த்த போட்டோவை உன் அம்மா அதற்குப் பிறகுதான் எடுத்தாள். அதில் என் கண் சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் நீ நாங்கள் போதையில் இருப்பதாக நினைத்துவிட்டாய்.

இப்போது சொல், அந்தப் பாட்டிலைக் குடிக்க உரிமை உள்ளவர் யார்? உன் மாமனார் நல்ல மனுஷர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் இன்னும் இருபது வருஷம் இருப்பார், எத்தனையோ பாட்டில் திறப்பார். கஜா உன் கல்யாணம் வரைக்கும் இருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காகக் காத்திருந்து நான் ஏற்கெனவே முப்பது வருஷத்தைக் கோட்டை விட்டவன். உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். திறந்ததற்கு வருத்தப்பட மாட்டேன், யார் காலில் விழச் சொன்னாலும் விழ மாட்டேன். உன் மாமனாரிடம் முகத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டாய். நிமிர்ந்து காட்டு. நடந்ததை நடந்தபடி சொல். அப்பா லீவு போட்டார் என்ற கதையை இனிமேல் எங்கேயும் சொல்லாதே, உன் பிள்ளைகளுக்கும் சொல்லாதே. நீ ராசிக்காரன்தான், அதில் மாற்றமில்லை. உனக்காக ஒருவன் கீழே இறங்கினான் என்பதுதான் உன் ராசி. உனக்கு நான் சொல்ல அறிவுரை என்று வேறெதுவும் இல்லை. பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லாதே, நண்பன் செய்ததை உன் அதிர்ஷ்டம் என்று கணக்கு எழுதிக்கொள்ளாதே. இந்த இரண்டிலும் நான் தப்புப் பண்ணியவன், அதனால் அடித்துச் சொல்கிறேன்.

உன் நிபந்தனைக்கு வருகிறேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வரமாட்டோம். வந்தால் நான், உன் அம்மா, அந்தோணி, கஜேந்திரன், நான்கு பேரும் ஒரே காரில் வருவோம். அந்தோணி உன் மாமனாருக்காக ஜாடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துவருவான், அதை அவர் குடித்துத்தான் ஆக வேண்டும். இல்லை, அவர்கள் வேண்டாம் என்றுதான் நீ சொல்வாய் என்றால், நாங்கள் இங்கேயே இருந்து உங்கள் இருவரையும் மனசார வாழ்த்துகிறோம். கல்யாணத்தை நீ நடத்திக்கொள். உன் அம்மாவைக் கேட்காமல் இதை எழுதவில்லை. "நானும் வர்லன்னு சேத்து எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். கஜாவிடம் தேதியைச் சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "இருப்பேன், இருப்பேன். புதுச் சட்டைக்கு அளவு குடுத்துடறேன்" என்றான். நேற்று தையல்காரரிடம் இட்டுக்கொண்டு போய் வந்தேன். அவனுடைய மிஷின் பேட்டரி வழிப் பயணத்துக்குத்தான் தாங்கும், அப்புறம் கரண்டில்தான் ஓடும். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசை நாற்காலிக்குப் பக்கத்தில், பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று மண்டபத்துக்காரரிடம் இன்றைக்கே கேட்டுச் சொல்.